இல்லாத பெரியப்பா இறந்த வீடு

சொல்ல வந்ததைத் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில், குணவதி எதிர்வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றாள். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவள். எந்த விஷயத்தையும் ஒழுங்காகத் தொடங்கி ஒழுங்காக முடிக்க வராது. நடுவில் எங்காவது அழுகை வந்து குறுக்கே நிற்கும். இதுவோ சிக்கலான விஷயம். இப்படிச் சொன்னால் புருஷன் மானம் போகும். அப்படிச் சொன்னால் யாருக்கும் புரியாது. சொல்லாமலே விட்டால் உயிர் போகும். எது முதலில் போனால் பரவாயில்லை என்று அவளுக்கு முடிவு செய்யத் தெரியவில்லை.

கதவு தானாகத் திறந்தது. சித்தி ஹாஜரா நின்றாள்; சித்தி என்பது உறவு இல்லை, அவள் பேரிலேயே இருப்பது. காலையில் கீழே மீ கோரெங் நூடுல்ஸ் கடை, மாலையில் அந்த அடுக்குமாடியின் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர்.

"என்னா குணா, செருப்புக்கு எக்சர்சைஸ் சொல்லிக் குடுக்கிறியா? உள்ள வாலா."

"இல்லக்கா. ஒண்ணுமில்ல. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தங்க வீட்ல..."

"உங்க வீட்லயா?"

"ஆமாக்கா."

அவ்வளவுதான். தொடங்குவதற்குள் மானம் போய்விட்டது. குணவதிக்கு அழுகை வந்தது.

"குளியல் ரூம்ல குழாயத் தொட்டேங்க்கா. கரண்டு புடிச்சு இழுத்திருச்சு. பல்லு வரைக்கும் போயி மணி அடிச்சுது."

"யா அல்லா! அண்ணன் என்னா சொன்னாரு?"

"மூட்டு வலிக்கு நல்லதுன்னாரு. கிளினிக்ல இதுக்குக் காசு வாங்குவாங்களாம். நமக்கு வீட்லயே சும்மா கெடைக்குதாம்."

அண்ணன் என்பது பிச்சைமுத்து. புக்கிட் தெங்கா தொழிற்சாலை ஒன்றில் பல வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலை சாமான் கிடங்கில், அட்டைப்பெட்டி அடுக்குவது. ஆனால் அந்தப் பெட்டிகளுக்குள் இருந்தவை எல்லாம் மின்சாரச் சாமான்கள். ஆகவே மின்சாரம் தனக்குத் தெரியும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்குப்படி பழைய சாமான் சந்தையில் ஒரு ஹீட்டர் வாங்கி வந்து குளியலறையில் மாட்டினார். அதைப் போட்டவுடன் வாசல் சுவரில் இருந்த பெட்டிக்குள் ஒரு சுவிட்ச் 'டப்' என்று விழுந்தது. தூக்கிவிட்டார். விழுந்தது. தூக்கினார். விழுந்தது. வீட்டையே இருட்டாக்கும் இந்தச் சுவிட்சுக்குத்தான் ஏதோ கோளாறு என்று முடிவு செய்தார். ஹீட்டர் வயரை அந்தச் சுவிட்சின் பக்கமே போகாமல் சுற்றி வளைத்து நேராகக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு சுவிட்ச் விழவில்லை. குணவதிதான் விழுந்தாள்.

அது ஒன்றாக இருந்தாலாவது பரவாயில்லை. மேல்வீட்டு ஒழுக்கில் படுக்கையறைச் சுவர் கறுத்துப் பூஞ்சை பிடித்துக் கிடந்தது. பால்கனி முழுக்கப் பிச்சைமுத்துவின் 'என்றைக்காவது உதவும்' சாமான்கள்: வாளி, டயர், காற்றாடி இறக்கை, மூடியில்லாத டப்பாக்கள். எல்லாவற்றிலும் மழைத் தண்ணீர். தண்ணீர் முழுக்கக் கொசுப் புழு. கேஸ் குழாய்க்குக் கறுப்பு டேப்பில் கட்டுப் போட்டிருந்தார். வீட்டுக்குள் நடக்கும்போது எங்கே காலை வைப்பது, எதைத் தொடக்கூடாது என்று குணவதி கண்ணிவெடி புதைத்த நிலத்தில் போவதைப் போல நடக்கப் பழகியிருந்தாள்.

அவள் உயிர் போனால் போகட்டும். அவளுக்கே அதில் பெரிய ஆசை இல்லை. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை லோகேஸ்வரி வருகிறாள். ஒரே மகள், கெப்பாலா பத்தாசில் வாழ்க்கைப்பட்டவள், முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிறாள். அந்தக் குளியலறையில்தான் பிள்ளை பெற்ற உடம்புக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்தக் குழாயைத்தான் அவள் தொடுவாள். போதாக்குறைக்குப் பிச்சைமுத்து பால்கனியில் உட்கார்ந்து, பழைய பிளெண்டரின் மோட்டாரைக் கழற்றிப் பேரப்பிள்ளைக்குத் தானாக ஆடும் தொட்டில் செய்துகொண்டிருந்தார்.

"பிளெண்டரா?" என்றாள் சித்தி ஹாஜரா.

"மூணு ஸ்பீடு இருக்காம்க்கா."

சித்தி ஹாஜரா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "சரி, அழாத. நம்ம சங்கத்துல ஒரு கூட்டம் சேர்ந்திருக்கு. வயர்மேன் ஸுல்கிஃப்லி, பெயிண்ட் அடிக்க ரெண்டு பேரு, கழுவித் தொடைக்க நம்ம பொம்பளைங்க. ஞாயித்துக்கிழமை வீடு வீடா கோத்தோங் ரோயோங், எல்லாரும் கூடிச் செய்யிற வேல. காசு கிடையாது. வீட்டுக்காரரு கதவத் தொறந்தா போதும்."

"அதுதாங்க்கா சுசா, அவரு தொறக்கணுமே."

அன்று சாயங்காலம் குணவதி கோப்பியோடு சேர்த்து விஷயத்தை வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை சங்கத்துலேர்ந்து வராங்களாம். எல்லா வீட்டுக்கும்தான்."

"எதுக்கு?"

"சும்மா. வயரு கியரு பாக்க."

பிச்சைமுத்து கோப்பியைக் கீழே வைத்தார். "நான் உயிரோட இருக்கும்போது என் வீட்டு வயர இன்னொருத்தன் பாக்கிறதா?"

"நான் உயிரோட இருக்கணும்ல, அதான்..."

"ஒரு சின்ன ஷாக்கு. அதுக்குப் போயி ஊரக் கூட்டுற! கீழ்மாடி ஹஸ்ருல் வீட்ல என்னா நடந்துச்சு தெரியுமா? மூட்டப்பூச்சின்னு சங்கத்தக் கூப்பிட்டாங்க. இன்னிக்கு ஃப்ளாட்டே அவன மூட்டப்பூச்சி ஹஸ்ருல்னுது. நாளைக்கு என்னை என்னான்னு கூப்பிடுவானுங்க?"

என்னவென்று கூப்பிடுவார்கள் என்று குணவதிக்குத் தெரியும். சொன்னால் தப்பாகப் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏணி, வாளி, துடைப்பம், பெயிண்ட் டப்பாவோடு கூட்டம் வந்தது. முன்னால் ஸுல்கிஃப்லி. மலாய்க்காரப் பிள்ளைதான், ஆனால் இதே மாடியில் பிறந்து வளர்ந்து, குணவதி கையால் தோசை தின்றே தமிழ் கற்றவன். பிச்சைமுத்து இரும்புக் கிரில் கதவைத் திறக்காமல், அதன் கம்பிகளுக்கு நடுவே முகத்தை வைத்து நின்றார். முகத்தை எப்படியோ தொங்கவும் விட்டிருந்தார்.

"உள்ள வராதீங்க தம்பி. வீட்ல தீட்டு."

ஏணி கீழே இறங்கியது. "யாரு அண்ணே?"

"பெரியப்பா. இந்தியால. நேத்து."

"அலாமாக்... சாலாம் தக்ஸியா, அண்ணே," என்று ஸுல்கிஃப்லி மலாயில் துக்கம் விசாரித்தான்.

"பதினாறு நாளைக்கு வெளியாளு வரக்கூடாது, ஒண்ணையும் தொடக்கூடாது. எங்க ஆளுங்க வழக்கம். நீங்க அடுத்த வீட்டப் பாருங்க."

சமையலறையில் குணவதி களைந்துகொண்டிருந்த அரிசி கை நழுவிப் பாதி குழாயடியில் போனது. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் பிச்சைமுத்து இந்தியாவுக்குப் போனது இந்த ஊரிலேயே இருக்கும் லிட்டில் இந்தியா கடைத்தெருவில் வேட்டி வாங்கத்தான். அதைவிட, அவருடைய அப்பாதான் அந்தக் குடும்பத்துக்கே மூத்த பிள்ளை. பெரியப்பா என்று ஒருவர் செத்துப் போக வேண்டுமானால் முதலில் பிறந்திருக்க வேண்டும்.

கூட்டம் போனதும் பிச்சைமுத்து சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். "பாத்தியா மூளைய? பதினாறு நாள்! அதுக்குள்ள அவனுங்க அடுத்த ப்ளோக்குக்குப் போயிடுவானுங்க."

"இல்லாத மனுஷன இப்படிச் சாகடிக்கலாமாங்க?"

"இல்லாத மனுஷனுக்கு என்னாடி நஷ்டம்?"

குணவதி சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இருந்த ஒரே வழியும் ஏணியோடு சேர்ந்து படியிறங்கிப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை வந்துவிடும். லோகேஸ்வரி வயிற்றைத் தள்ளிக்கொண்டு வருவாள், குளிக்கப் போவாள். குணவதி அடுப்பைக்கூடப் பற்ற வைக்கவில்லை. அந்தக் கேஸ் குழாயை இன்று சோதித்துப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

பிச்சைமுத்து எல்லாவற்றையும் யோசித்திருந்தார், ஒன்றைத் தவிர. கல்யாணம் என்றால் ஜனங்கள் பத்திரிகைக்குக் காத்திருப்பார்கள். சாவு என்றால் யாரும் காத்திருப்பதில்லை.

முதலில் சித்தி ஹாஜரா ஒரு பெரிய பானையில் சோறும் மீன் குழம்பும் கொண்டுவந்தாள். "அடுப்புப் பத்த வைக்காத குணா, ஒரு வாரத்துக்கு நான் பாத்துக்கிறேன்." அடுத்துச் சங்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. லிப்ட் வழக்கம் போல வேலை செய்யவில்லை. ஸுல்கிஃப்லியும் நண்பர்களும் தலையில் சுமந்து ஏற்றினார்கள். கீழ்மாடிச் சீனப் பாட்டி வேர்க்கடலையும் தண்ணீர் போத்தலும் கொடுத்தனுப்பினாள். ப்ளோக்கில் இருந்த தமிழ்ப் பெண்கள் அத்தனை பேரும் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு வந்தார்கள். தீட்டு வீட்டில் வெளியாள் கூடாது என்று பிச்சைமுத்து முனகிப் பார்த்தார்.

"நாங்க வெளியாளா அண்ணே?" என்றாள் ஒருத்தி, கண்ணீரோடு. கிரில் கதவு அகலத் திறந்தது.

அவரை நடுவீட்டில் சட்டையைக் கழற்றி, தோளில் துண்டைப் போட்டு உட்கார வைத்தார்கள்.

"பெரியப்பா பேரு என்னாண்ணே?"

பிச்சைமுத்துவின் கண் சுற்றும் முற்றும் பேர் தேடியது. "கண்ணாயிரம்."

"என்னா வயசு?"

சின்ன வயது என்றால் இன்னும் அழுவார்கள் என்று பயந்தார். "நூத்தி நாலு."

"கொடுத்து வெச்சவரு! எப்படிப் போனாரு?"

"நடந்துதான்... நடந்து போய்க்கிட்டே இருக்கும்போது."

குணவதி அறைக் கதவோரம் நின்று பார்த்தாள். கதவு திறந்திருக்கிறது. வீடு முழுக்க ஆள். ஸுல்கிஃப்லியின் கருவிப் பை நடையில் இருக்கிறது. இப்போது ஒரு வார்த்தை சரியாகச் சொன்னால் போதும். ஆனால் அவளுக்கு எதையும் சரியாகச் சொல்லத் தெரியாதே! அழுகை வந்தது. வரட்டும் என்று விட்டாள். ஒப்பாரியில் தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று யாரும் திருத்தப் போவதில்லை.

நடுவீட்டுக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"போறதுதான் போனீங்களே என் பெரிய மாமா, பூஞ்ச புடிச்ச செவுத்த ஒரு தடவ பாக்காம போனீங்களே!"

பெண்கள் கூட்டமாக வந்து அவள் தோளைக் கட்டிக்கொண்டார்கள். பிச்சைமுத்துவின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது.

"டயருக்குள்ள புழு நெளியுதே, டெங்கிக் கொசு குடும்பம் நடத்துதே, அந்தப் பால்கனியப் பாக்காம போனீங்களே! கேஸு குழாய்க்குக் கட்டுப் போட்ட கொடுமையப் பாக்காம போனீங்களே!"

"ஐயோ!" என்றது கூட்டம். இரண்டு பேர் எழுந்து பால்கனியை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, முன்னைவிட உரக்க அழுதார்கள்.

"சுவிச்ச ஏமாத்திச் சுத்தி இழுத்த வயரப் பாக்காம போனீங்களே! வயித்துப் புள்ளக்காரி வருவாளே, வந்து கொழாயத் தொடுவாளே, ஐயா, அவளத் தடுக்க ஆளில்லாம போனீங்களே!"

கடைசி வரியில் குணவதி நிஜமாகவே உடைந்துவிட்டாள். அதற்கு மேல் பாட்டு வரவில்லை. வெறும் மூச்சுதான் வந்தது. சித்தி ஹாஜரா ஸுல்கிஃப்லியைப் பார்த்தாள். ஸுல்கிஃப்லி எழுந்து பையை எடுத்து வந்தான்.

"அண்ணே, ஆளு நெறைய இருக்காங்க, ஃபேன் நெறைய ஓடுது. பொட்டிய ஒருக்கா பாத்துடுறேன்."

பிச்சைமுத்து துள்ளி எழுந்தார். "டேய், அதத் தொடா..."

"ஒக்காருங்க!" என்று குணவதி அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். "துக்கத்துல இருக்கிறவரு எழுந்திரிக்கக் கூடாது. பேசவும் கூடாது."

"ஆமாண்ணே, எங்கள்லயும் அப்படித்தான்," என்று நான்கைந்து பேர் அவரை அமுக்கி உட்கார வைத்தார்கள்.

ஸுல்கிஃப்லி பெட்டியைத் திறந்தான். சுற்றி வளைத்துப் போன வயரை விரலால் தொடாமல் கண்ணாலேயே பின்தொடர்ந்தான். "அண்ணே, இது என்னா கெர்ஜா, யாரு செஞ்ச வேல?"

தான் செய்தது என்று சொல்லப் பிச்சைமுத்துவுக்கு ஆசைதான். ஆனால் பேசக்கூடாதே.

"இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா, இந்தியால இல்ல அண்ணே, இங்கயே தீட்டு வந்திருக்கும்," என்று சொல்லி ஸுல்கிஃப்லி ஹீட்டர் வயரைத் துண்டித்தான்.

அந்த நேரத்தில்தான் போன் வந்தது. கெப்பாலா பத்தாஸ் சம்பந்தியம்மா. வாட்சாப் வழியாகச் செய்தி அதற்குள் கடல் பாலம் தாண்டி அக்கரைக்குப் போயிருந்தது. குணவதி ஸ்பீக்கரில் போட்டாள்.

"கேள்விப்பட்டோம் சம்பந்தி, மனசே சரியில்ல. தீட்டு வீட்டுக்குப் புள்ளத்தாச்சிய எப்படி அனுப்புறது? லோகேஸ்வரிக்கு இங்கயே பிரசவம் பாத்துக்கிறோம். நீங்க கருமாதி முடிச்சிட்டு மெதுவா வந்து பேரப்புள்ளயப் பாருங்க."

இது குணவதி எதிர்பார்க்காத அடி. மகள் பத்திரம்தான், ஆனால் பக்கத்தில் இல்லை. திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். பிச்சைமுத்துவின் கண்ணில் தண்ணீர். பெரியப்பாவுக்காக இல்லை. பிளெண்டர் தொட்டிலாக இருந்தாலும் அவர் ஆசையாகத்தான் செய்தார். பிள்ளை பிறந்ததும் தன் கையில்தான் முதலில் வாங்குவேன் என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

அவள் காதருகே குனிந்தார். "குணா... சொல்லிடுடி. பெரியப்பாலாம் இல்லன்னு."

"நீங்களே சொல்லுங்க."

பிச்சைமுத்து நிமிர்ந்து பார்த்தார். நாற்காலி சுமந்தவர்கள் வியர்வை துடைத்துக்கொண்டிருந்தார்கள். சித்தி ஹாஜராவின் மீன் குழம்பு மணத்தது. வேர்க்கடலைப் பொட்டலம் அவர் மடியிலேயே இருந்தது. குனிந்துகொண்டார்.

"வேற வழி இல்லியா?"

"ஒரு வழி இருக்கு. சொந்தப் பெரியப்பா இல்ல, தூரத்து ஒண்ணுவிட்ட பெரியப்பான்னு சொல்லிடலாம். மூணு நாள்ல தீட்டு கழிச்சிடலாம். ஆனா வீட்ட முழுக்கக் கழுவணும். செவுரு புதுசா இருக்கணும். பழைய சாமான் ஒண்ணும் வீட்ல இருக்கக்கூடாது."

"ஒண்ணும்னா?"

"ஒண்ணும்."

"மோட்டாரு?"

"பேரப்புள்ள வேணுமா, மோட்டாரு வேணுமா?"

அவர் தலை மேலும் கீழும் ஆடியது. அந்த ஆட்டத்தைப் பார்த்த சித்தி ஹாஜரா முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

அடுத்த மூன்று நாளும் கோத்தோங் ரோயோங் அந்த வீட்டில்தான் நடந்தது. பால்கனி சாமான்கள் படியிறங்கிக் குப்பை லாரிக்குப் போயின. பிளெண்டரைக் குணவதியே மார்போடு அணைத்துக் கொண்டுபோய்ப் போட்டாள். சுவரைச் சுரண்டி மருந்து தடவிப் பெயிண்ட் அடித்தார்கள். மேல்வீட்டு ஒழுக்கை அடைத்தார்கள். கேஸ் குழாயும் வாசல் பெட்டிக்குச் சுவிட்சும் புதிதாக வந்தன. ஹீட்டரைக் கழற்றி எடுத்துப் போனார்கள். வெந்நீருக்குக் கெட்டில் போதும் என்றான் ஸுல்கிஃப்லி. பிச்சைமுத்து துண்டோடு நாற்காலியில் உட்கார்ந்து, யாரோ தன்னையே தூக்கிக்கொண்டு போவதைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கும் எழுந்திரிக்க யாரும் விடவில்லை.

வீடு பளபளத்தது. வெள்ளிக்கிழமை லோகேஸ்வரியை அனுப்புவதாகச் சம்பந்தியம்மாவும் சொல்லிவிட்டாள். குணவதிக்குச் சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை. வியாழக்கிழமை காலை பிச்சைமுத்து இஸ்திரிப் பெட்டியைப் போட்டார். அதன் வயர் அறுந்து பல் இளித்துக்கொண்டிருந்தது. வாசல் பெட்டியில் புதுச் சுவிட்ச் 'டப்' என்று விழுந்தது.

"பாத்தியா?" என்றார் பிச்சைமுத்து. மூன்று நாளுக்குப் பிறகு முதல் முறையாக அவர் முகத்தில் ஒளி வந்தது. "புதுசும் இதே கோளாறு. எல்லாரும் போயாச்சுல்ல? கடைக்குப் போயி ஒரு முழம் வயரு வாங்கிட்டு வரேன். அஞ்சு நிமிஷ வேல."

அவர் தலை மறைந்ததும் குணவதி வாசல் பெட்டி முன்னால் போய் நின்றாள். இனி ஊர் திரும்ப வராது. இன்னொரு பெரியப்பாவைச் சாகடிக்கவும் முடியாது. மகள் நாளைக்கு வருகிறாள். யாரிடம் போய் என்ன சொல்வது, எப்படித் தப்பில்லாமல் சொல்வது? சொல்வதே வேண்டாம் என்று பர்ஸை எடுத்துக்கொண்டு அவளும் படியிறங்கினாள்.

பிச்சைமுத்து வயரோடும் ஸ்குரூ டிரைவரோடும் திரும்பி வந்தபோது, வாசல் சுவரில் மின்சாரப் பெட்டியின் கதவு மேல் ஒரு படம் இருந்தது. ஆணி இல்லாமல் பசை டேப்பில் ஒட்டிய படம். கண்ணாடிச் சட்டத்துக்குள் கோட்டுப் போட்ட, வெள்ளை மீசை வைத்த ஒரு கிழவர். அவருக்குச் சந்தன மாலை.

"யாருடி இது?"

"உங்க பெரியப்பா."

"எனக்கு ஏதுடி பெரியப்பா? இது படக்கடைல சட்டத்தோட சும்மா வர படம்!"

"மெதுவாப் பேசுங்க. ஹாஜராக்கா வராங்க."

சித்தி ஹாஜரா நடையில் வந்து நின்றாள். பின்னால் இன்னும் இரண்டு மூன்று பெண்கள். "படம் வந்திருச்சா குணா? நல்ல களையான முகம்லா. மூக்கு அப்படியே அண்ணன் மூக்கு."

பிச்சைமுத்து ஸ்குரூ டிரைவரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். எல்லாரும் அவரையே பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் இன்னொரு கையை நெற்றிக்குக் கொண்டுபோய்ப் படத்தைக் கும்பிட்டார்.

"வருஷ தெவசம் முடியிற வரைக்கும் படத்துக்குப் பக்கத்துல இரும்பு போகக்கூடாது, நெருப்பும் போகக்கூடாது," என்று குணவதி கூடியிருந்தவர்களுக்கு விளக்கினாள். "இவரு குடும்பத்து வழக்கம்."

பிறகு உள்ளே போய், பல் இளித்த இஸ்திரிப் பெட்டியை எடுத்து வந்து சித்தி ஹாஜராவின் கையில் கொடுத்துவிட்டு, விழுந்த சுவிட்சைத் தூக்கிவிடப் பெரியப்பாவை மெதுவாகத் திறந்தாள்.